திருகோணமலையில் போக்கிமொன் கார்ட் மெஷின் போட எவ்வளவு காசு முடியும்?

கேள்வி இது: கனடாவில் இருக்கும் மச்சான், பிள்ளைகள் சேர்க்கவும் விளையாடவும் வாங்கும் போக்கிமொன் படக் கார்ட் பக்கற்றுகளை விற்கும் தொடுதிரை மெஷின் ஒன்றின் வீடியோவை அனுப்பியிருக்கிறார். அதைப்போல ஒன்றைத் திருகோணமலை டவுனிலோ நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலிலோ வைக்க எவ்வளவு முடியும்? கையில் இருக்கும் பத்து லட்சம் போதுமா? கனடாவிலிருந்தே பழைய மெஷின் ஒன்றை அனுப்பட்டுமா என்று மச்சான் கேட்கிறார், அது சரிவருமா?

தம்பி, வீடியோவில் உள்ள மாதிரி மெஷினுக்குப் பத்து லட்சம் போதாது. எல்லாம் சேர்த்து 17 லட்சத்துக்குக் கிட்ட வரும். அதில் மெஷினுக்குப் போவது ஒரு பகுதி, மெஷினை நிரப்பும் கார்ட்டுகளுக்குப் போவது இன்னொரு பகுதி. விலை விசாரிப்பவர்கள் முதலாவதை மட்டுமே விசாரிக்கிறார்கள். கடைகளுக்கு விற்பனை மெஷின் பூட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில், கார்ட்டிலும் எனக்கு ஆசை உண்டு. ஆகவே இரண்டு பக்கமும் சேர்த்தே எழுதுகிறேன். என் முடிவை முன்னுக்கே சொல்லிவிடுகிறேன்: எங்கள் ஊருக்குத் தொடுதிரை மெஷின் இப்போது வேண்டாம். இரண்டு லட்சத்துக்குள் முடிகிற வேறொரு வழி இருக்கிறது.

முதலில் மெஷினின் விலை. அமெரிக்கச் சுப்பர்மார்க்கெட்டுகளில் நிற்பவை போக்கிமொன் நிறுவனத்தின் சொந்த மெஷின்கள். அவை உங்களுக்கும் எனக்கும் விற்பனைக்கு வராது. கிடைப்பவை அதே தோற்றத்தில் சீனாவில் செய்யப்படுபவை. சுற்றிப் பொருளை முன்னுக்குத் தள்ளும் நாற்பது சுருள்கம்பி வரிசை, ஒரு தொடுதிரை, பொருளைக் கீழே விழவிடாமல் ஏந்தி இறக்கும் லிஃப்ட் தட்டு, இவ்வளவும் உள்ள மெஷினுக்குத் தொழிற்சாலை வாசலில் 2,000 முதல் 4,000 டொலர் வரை சொல்வார்கள். லிஃப்ட் இல்லாவிட்டால் குறையும். ஆனால் லிஃப்ட் இல்லாமல் கார்ட் விற்காதீர்கள். மேல்தட்டிலிருந்து பக்கற் விழுந்தால் மூலை மடங்கும், மூலை மடங்கிய கார்ட்டுக்குச் சேகரிப்பவர்களிடம் பாதி மதிப்புக்கூட இல்லை. இதைவிடச் சின்னதாகச் சுவரில் பூட்டுகிற, அல்லது மேசையில் வைக்கிற மெஷின்கள் 500 முதல் 1,000 டொலருக்குள் வரும். மூன்றாவது வகை கரண்டே வேண்டாதது. காசைப் போட்டுப் பிடியைத் திருப்பினால் அல்லது தட்டை உள்ளே தள்ளினால் ஒரு கார்ட் வெளியே வரும். இது 100 முதல் 300 டொலர். ஜப்பானில் பண்டாய் நிறுவனம் 1988இல் கார்ட்டாஸ் என்ற பெயரில் கடைவாசல்களில் வைத்துப் பெரும் வெற்றி கண்டது இந்த வகையைத்தான். ஒரு கார்ட் 20 யென்.

இனி அந்தப் பெரிய மெஷின் உங்கள் கடைவாசலுக்கு வரும்போது என்ன விலை ஆகும் என்று பார்ப்போம். கணக்குக்காக டொலரை 300 ரூபாவாக வைக்கிறேன். 2,000 டொலர் மெஷின், கப்பற்கூலியும் காப்புறுதியும் 250 டொலர், ஆக 6,75,000 ரூபா. இதற்குமேல் கொழும்புத் துறைமுகத்தில் வரி. பெறுமதி சேர் வரி 18 வீதம், சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 வீதம், இவை நிச்சயம். சுங்கத் தீர்வையும் துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரியும் பொருளின் சுங்கக் குறியீட்டைப் பொறுத்தவை. தானியங்கி விற்பனை மெஷின்களுக்கான தலைப்பு 8476. அந்த எண்ணைக் கிளியரிங் ஏஜென்டிடம் கொடுத்து, அன்றைய வீதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வரியின் மேல் மற்றது ஏறுவதால் மொத்தமாக 35 வீதத்தை ஒதுக்கி வைப்பது புத்தி. அது 2,36,000 ரூபா. துறைமுகச் செலவு, ஏஜென்ட் கூலி, கொழும்பிலிருந்து 260 கிலோமீற்றர் லொறி, இறக்கி ஏற்ற ஆட்கள் என்று 60,000. நோட்டு வாசிக்கும் கருவியும் கியூஆர் கொடுப்பனவுப் பெட்டியும் 1,00,000. ஸ்டெபிலைசர், யூபிஎஸ், தரையில் இறுக்கும் ஆணி வேலை 35,000. கூட்டினால் 11 லட்சத்தைத் தாண்டுகிறது. மெஷின் இன்னும் வெறுமையாகத்தான் நிற்கிறது.

நிரப்பும் கணக்கைப் பலர் போடுவதே இல்லை. நாற்பது வரிசை, வரிசைக்குப் பத்துப் பக்கற், ஆக 400 பக்கற். பத்துக் கார்ட் உள்ள ஆங்கிலப் போக்கிமொன் பக்கற்றின் அமெரிக்கச் சில்லறை விலை 4.49 டொலர், அதாவது 1,350 ரூபா. மொத்த விலையில் கொஞ்சம் இறக்கி வாங்கி, கூலியும் வரியும் சேர்த்தால் கைக்கு வரும்போது 1,500. சில்லறை விலைக்கே வாங்கினால் 1,800ஐத் தாண்டும். 1,500 என்றே வைத்தாலும் 400 பக்கற்றுக்கு ஆறு லட்சம். அந்த ஆறு லட்சமும் கண்ணாடிக்குப் பின்னால் முடங்கிக் கிடக்கும். பாதி நிரப்பி வைக்கலாமே என்று கேட்பீர்கள். வெறும் வரிசைகள் தெரியும் மெஷினை ‘இது ஓடாத மெஷின்’ என்று பார்த்தவுடன் சனம் முடிவு கட்டிவிடும். இன்னொன்று, போக்கிமொனில் சில மாதங்களுக்கு ஒரு முறை புதிய தொகுதி வரும். பழைய பக்கற் பழுதாகப் போவதில்லை, ஆனால் பிள்ளைகள் யூடியூபில் பார்த்த புதியதைத்தான் கேட்பார்கள். பழையது விற்று முடியுமுன் புதியதற்கு மறுபடி காசு போட வேண்டிவரும்.

ஜப்பானியப் பக்கற் மலிவு. ஐந்து கார்ட், அங்கே 180 யென், எங்கள் காசில் 360 ரூபா அளவு. அதை அந்த விலைக்கே வாங்கித் தர ஆள் இருந்தால் நல்லது. பார்த்து ரசிக்க அருமையான அச்சு. ஆனால் எழுத்து வாசிக்க முடியாததால் விளையாடுகிற பிள்ளைக்கு அது உதவாது, சேர்க்கிற பிள்ளைக்கு உதவும். எங்கள் ஊரில் இப்போது சேர்க்கிறவர்கள்தான் கூட.

அடுத்தது காசு வாங்கும் வழி. ஜப்பானில் 100 யென், 500 யென் நாணயங்கள் புழங்குகின்றன, ஒரு நல்ல பொருளை நாணயம் போட்டே வாங்கலாம். எங்களிடம் புழக்கத்தில் உள்ள மிகப் பெரிய நாணயம் 20 ரூபா. 2,000 ரூபாப் பக்கற்றுக்கு நூறு நாணயம் போட வேண்டும், நடக்கிற காரியமில்லை. ஆகவே நோட்டு வாசிக்கும் கருவி கட்டாயம் தேவை, அதற்கு இலங்கை நோட்டுகளின் தரவு ஏற்றியிருக்க வேண்டும். ‘எல்லா நாட்டு நோட்டும் எடுக்கும்’ என்று விற்பவர் சொல்வதை நம்பி வாங்காதீர்கள். 500, 1,000, 5,000 ரூபா நோட்டுகள் உள்ளே போகும் வீடியோவைக் கேளுங்கள். கசங்கின நோட்டையும் வியர்வையில் நனைந்த நோட்டையும் அது துப்பும். திருகோணமலை வெயிலில் சட்டைப்பையிலிருந்து வரும் நோட்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மிச்சக் காசு கொடுக்கும் வசதி இன்னும் விலை.

கியூஆர் இதைவிட நல்லது. வங்கிகளுக்குப் பொதுவான லங்கா கியூஆர் இருக்கிறது, வங்கி பிடிக்கும் கட்டணமும் வங்கி அட்டைக்குப் பிடிப்பதைவிடக் குறைவு. ஆனால் கடையில் ஒட்டியிருக்கும் காகிதக் கியூஆர் மெஷினுக்குப் போதாது. காசு வந்துவிட்டது என்ற செய்தி மெஷினின் மூளைக்குப் போனால்தான் சுருள்கம்பி சுற்றும். அதற்கு ஒவ்வொரு விற்பனைக்கும் புதிய கியூஆர் உருவாக்கி, வங்கியிடமிருந்து உறுதிப்படுத்தல் வாங்கும் இணைப்பு வேண்டும். மெஷின் எம்டிபி என்ற பொதுத் தொடர்பு முறையில் பேசக்கூடியதா என்று விற்பவரிடமும், அப்படியான இணைப்புத் தருவார்களா என்று வங்கியிடமும் கேட்டு, இரண்டு பக்கமும் ‘ஆம்’ வந்த பிறகே முற்பணம் அனுப்புங்கள். இடையில் மென்பொருள் எழுத ஒருவரைப் பிடிக்க வேண்டி வந்தால் அந்தச் செலவு நான் மேலே போட்ட ஒரு லட்சத்துக்குள் அடங்காது.

கனடா மெஷினுக்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது. அங்கே கரண்ட் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். எங்களுடையது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். சுருள்கம்பி மோட்டார்கள் பெரும்பாலும் தாழ் மின்னழுத்தத்தில் ஓடுபவை என்பதால் ட்ரான்ஸ்போமர் போட்டுச் சமாளிக்கலாம். குளிரூட்டி உள்ள மெஷின் என்றால் கொம்பிரசர் 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தது, அதைத் தொடாமல் விடுவது நல்லது. நோட்டுக் கருவி கனேடிய டொலருக்கு உரியது, கழற்றி எறிய வேண்டும். 250 கிலோவுக்கு மேற்பட்ட இரும்பைப் பாதி உலகம் சுற்றி ஏற்றுவதற்கான கூலி மெஷினின் விலையையே தொட்டுவிடும். பாவித்த இயந்திரத்துக்கு இறக்குமதி அனுமதி தேவையா என்று இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தில் கேட்பது வேறு. மச்சானின் அன்புக்கு நன்றி சொல்லி, மெஷினுக்குப் பதிலாகக் கார்ட்டுகளை அனுப்பச் சொல்லுங்கள். அதுதான் உண்மையான உதவி. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் கடற்காற்றில் பூட்டும் நாணயப் பொறியும் கறள் பிடிக்கும், இது எவருக்கும் தெரிந்தது. கார்ட்டுக்கு என்ன நடக்கும் என்பதைச் சேகரிப்பவர்கள்தான் அறிவார்கள். மினுங்கும் கார்ட்டில் ஒரு பக்கம் உலோகப்பூச்சுள்ள மெல்லிய படலம், மற்றப் பக்கம் காகிதம். காகிதம் ஈரத்தை இழுத்து விரியும், படலம் விரியாது, ஆகவே கார்ட் வாழையிலைபோல வளையும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காய்ந்து ஒரு பக்கம் வளையும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறி மறுபக்கம் வளையும். உறை பிரிக்காத பக்கற்றுக்குள்ளும் இது மெதுவாக நடக்கத்தான் செய்கிறது. ஆகவே வெளித் திண்ணை, கடற்கரை முகப்பு, கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதையோரம் எதுவும் சரிவராது. அந்தப் பாதையில் சனம் கூடுதலாக நடக்கிறதே என்று ஆசைப்படுபவர்கள் உண்டு. வெயிலும் உப்பும் கண்ணாடிக்குள் இருப்பதைச் சில மாதங்களில் வெளிறச் செய்துவிடும், அந்தப் பாதை போகும் கோட்டைக்குள் இடம் பிடிக்கும் அனுமதி வேறு. ஏசி போட்ட உள்ளறை, நேர் வெயில் படாத சுவர், ஒவ்வொரு தட்டிலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம், அதை மாதம் ஒரு தடவை மாற்றுவது, இவ்வளவும் வேண்டும்.

நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களைப் பொறுத்தவரை, புறாமலைத் தீவு பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் கார்ட் வாங்க மாட்டார்கள். வாங்கக் கூடியவர்கள் ஆடி ஆவணியில் கனடா, லண்டன், சுவிஸிலிருந்து வரும் எங்கள் ஆட்களின் பிள்ளைகள். அவர்களுக்குக் கார்ட் தெரியும், 2,000 ரூபா அவர்களுக்குப் பெரிய காசும் இல்லை. ஆனால் அது இரண்டு மாதம். சித்திரை வைகாசியில் தொடங்கும் சீசன் புரட்டாதியோடு படுத்துவிடும், மழைக்காலத்தில் அந்த ஹோட்டல்களில் பாதி அறைகள் வெறுமை. பெரிய மெஷினை ஆணி அடித்து நிறுத்தினால் ஆண்டில் பாதி அது சும்மா நிற்கும். சுவர் மெஷின் என்றால் சீசன் முடியக் கழற்றி ஒரு சின்ன லொறியில் டவுனுக்குக் கொண்டுவரலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே பெரியதைவிடச் சிறியது மேல்.

கட்டுமா என்ற கணக்கு இது. பக்கற்றை 2,000க்கு விற்றால், வாங்கிய விலை 1,500 போக 500. இடம் தருபவருக்கு விற்பனையில் 10 வீதம், அது 200. வங்கிக் கட்டணம், சேதம், காணாமற் போவது என்று 50. கையில் மிஞ்சுவது 250. கரண்ட் பெரிதல்ல. குளிரூட்டி இல்லாத தொடுதிரை மெஷின் மாதம் 70 முதல் 110 யூனிட் இழுக்கும். அதோடு டேட்டா சிம், நிரப்பப் போய்வரும் பெற்றோல் எல்லாம் சேர்த்து மாதம் 9,000 என்று வைத்தால், அதற்கே 36 பக்கற் விற்க வேண்டும். 11 லட்சத்தை இரண்டு வருடத்தில் மீட்க மாதம் இன்னும் 183 பக்கற். ஆக மொத்தம் 220, நாளுக்கு ஏழுக்கு மேல், மழை நாளும் விடுமுறை நாளும் சேர்த்து. கூலி வேலைக்குப் போகிறவரின் நாட்சம்பளத்தில் பெரும் பங்கை விழுங்கும் விலையுள்ள ஒரு பொருள், எங்கள் டவுனில் வருடம் முழுக்க நாளுக்கு ஏழு விற்கும் என்று என்னால் உங்களுக்குச் சொல்ல மனம் வரவில்லை.

சுவர் மெஷினுக்கு இதே கணக்கைப் போட்டால், 700 டொலர் மெஷின் கப்பற்கூலி, வரி எல்லாம் சேர்த்துப் பூட்டி முடிக்க 3,75,000. எண்பது பக்கற் நிரப்ப 1,20,000. ஐந்து லட்சத்துக்குள் நிற்கும். மாதம் நூறுக்குக் கிட்டப் பக்கற், நாளுக்கு மூன்று சொச்சம். சீசனில் நடக்கக் கூடியது. ஆனால் இதையும் இரண்டாவது கட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டமாக நான் சொல்வது அந்தக் கரண்ட் வேண்டாத, கையால் தள்ளும் மெஷின். நாணயத்துக்குப் பதில் டோக்கன் போடுகிற மாதிரிக்குச் சொல்லிச் செய்விக்கலாம். டோக்கனைக் கடைக்காரரிடம் 100 ரூபா கொடுத்து வாங்க வேண்டும். நோட்டுக் கருவி, சிம், வங்கி இணைப்பு, ஸ்டெபிலைசர் எல்லாச் செலவும் ஒரே வெட்டில் போய்விடும். 250 டொலர் மெஷின் கூலியும் வரியும் சேர்ந்து 1,30,000 ஆகும், டோக்கன் அடிக்கவும் பூட்டவும் இன்னும் 20,000. வைக்க வேண்டிய இடம் பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் கொப்பி பேனை வாங்க ஏறும் ஒரு புத்தகக் கடை.

உள்ளே வைப்பது உறை பிரிக்காத பக்கற் அல்ல, இரண்டு உண்மையான கார்ட் வைத்த சிறு மட்டை உறை. இங்கேதான் கனடா மச்சான் தேவைப்படுகிறார். பக்கற் உடைப்பவர்கள் நல்ல கார்ட்டை எடுத்துக்கொண்டு சாதாரணக் கார்ட்டுகளை ஆயிரக் கணக்கில் மலிவாகத் தள்ளிவிடுவார்கள். ஆயிரம் கார்ட் நிறை இரண்டு கிலோவுக்கும் குறைவு. அனுப்பும் கூலியும் வரியும் சேர்த்து ஒரு கார்ட் 25 ரூபாவுக்குள் அடங்கும். இரண்டு கார்ட் 50, உறை 10, கடைக்காரருக்கு 15, உங்களுக்கு 25. முதலில் 500 உறை நிரப்ப 30,000 போதும். எல்லாமாக 1,80,000. போட்ட 1,50,000 மெஷின் காசை இரண்டு வருடத்தில் எடுக்க நாளுக்கு எட்டு ஒன்பது டோக்கன். 2,000 ரூபாப் பக்கற் ஏழு விற்பதற்கும் 100 ரூபா டோக்கன் ஒன்பது விற்பதற்கும் உள்ள தூரத்தை நீங்களே யோசியுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எல்லா உறையும் ஒரே தடிப்பாக இருக்க வேண்டும். ஈரத்தில் மட்டை ஊதினால் தட்டு இறுகி நின்றுவிடும். நிரப்புமுன் உறைகளை உலர்ந்த டப்பாவில் வையுங்கள்.

போலிக் கார்ட்டை ஒருபோதும் உள்ளே போடாதீர்கள், தம்பி. தங்க நிறத்தில் மினுங்கும் போலிகள் எங்கும் மலிவாகக் கிடக்கின்றன, லாபமும் கூடத்தான். ஆனால் ஒரு பிள்ளை தன் கைக்காசில் வாங்கியதைக் கொழும்பில் ஒரு சேகரிப்பாளரிடம் காட்டும்போது அது குப்பை என்று தெரிய வருவது கொடுமை. உண்மையான போக்கிமொன் கார்ட்டின் விளிம்பை உற்றுப் பார்த்தால் காகித அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். போலியில் பெரும்பாலும் இராது. பின்பக்க நீலமும் வெளிறியிருக்கும்.

டோக்கன் முறையை நான் விரும்புவதற்குக் காசைவிடப் பெரிய காரணம் கடைக்காரர். உறைக்குள் என்ன வரும் என்று தெரியாமல் வாங்குவதில் ஒரு சூதின் இழுப்பு இருக்கிறது. தொடுதிரை மெஷினுக்கு முன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அம்மாவின் போனை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கியூஆர் அடித்தால் தடுக்க ஆள் இல்லை. கடைக்காரருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும், தகப்பனையும் தெரியும். ‘இண்டைக்குப் போதும் மகன்’ என்று அவர் சொல்வார். நாளுக்கு ஒரு பிள்ளைக்கு மூன்று டோக்கன் என்று அவரிடம் முதலிலேயே பேசி வையுங்கள். உறைக்குள் இரண்டு சாதாரணக் கார்ட், சிலவற்றில் மட்டும் நல்ல கார்ட் என்பதை மெஷினில் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுதி ஒட்டுங்கள்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, கடைக்காரரோடு ஒரு பக்க ஒப்பந்தம், இவை ஒரு வாரத்து வேலை. ஒப்பந்தத்தில் மெஷின் உங்களுடையது, திறப்பு உங்களிடம், டோக்கன் கணக்கு வாரம் ஒரு தடவை என்று மூன்றும் இருக்கட்டும்.

இப்போதே செய்யக் கூடியது: இரண்டு மூன்று தொழிற்சாலைகளுக்கு எழுதி, டோக்கனின் விட்டமும் தடிப்பும், தட்டில் போகக் கூடிய உறையின் அளவு, கறள் பிடிக்காத உருக்கில் பூட்டும் பொறியும் கிடைக்குமா, உதிரியாக ஒரு முழுப் பொறிக்கு என்ன விலை, கொழும்புத் துறைமுகம் வரையான விலை எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வந்ததும் விலைப்பட்டியலை எனக்கு அனுப்புங்கள், எந்தப் பொறி எங்கள் காற்றுக்குத் தாங்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.